காபித் தோட்டத்து வீட்டில் இரும்பு மாத்திரை

ஒண்டிக்கடையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போகும் மேட்டில் போன வருடம் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். ஏற்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். "ஏன் சாமி, நகமெல்லாம் இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்று அம்மாதான் கேட்டாள்.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்தில் ரத்தம் கொடுத்தேன். ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். ஃபெரிட்டினும் மிகக் குறைவு, அதாவது உடம்பில் இரும்புச் சேமிப்பே இல்லை. மாதவிலக்கில் உதிரப்போக்கு அதிகமா என்றுதான் டாக்டரம்மா முதலில் கேட்டார். வருடக்கணக்கில் 'உடம்பு வாகு' என்று விட்டிருந்தேன். அதற்குத் தனியாக வைத்தியம் நடந்தது.

மாத்திரை தினம் ஒன்று, 100 மில்லிகிராம் இரும்பு. ஒரு நாள்கூட விடாமல் போட்டேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் 8.5! அங்கேயே அழுதுவிட்டேன். டாக்டரம்மா மாத்திரையை மாற்றவில்லை. "எதோட சேர்த்துப் போடுறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இட்லி சாப்பிட்டுவிட்டு, காபியோடு. காபிச் செடிக்கு நடுவில் இருக்கும் வீட்டில் வேறு எதோடு போடுவார்கள்? காபி, டீயில் உள்ள பாலிஃபீனால்கள் குடலிலேயே இரும்பைப் பிடித்துக்கொள்ளும், பாலின் கால்சியமும் தடுக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு மாதம் விழுங்கியதில் பெரும்பகுதி வீண்.

அப்புறம் காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு பிழிந்த தண்ணீரோடு போட ஆரம்பித்தேன். வைட்டமின் சி இரும்பை உடம்பில் சேர்க்கும். காபி எட்டு மணிக்குத்தான். பனி மூடிய காலையில் அடுப்படியிலிருந்து டிகாக்‌ஷன் வாசம் வரும்போது அந்த இரண்டு மணி நேரம் உண்மையிலேயே கஷ்டம்.

குமட்டலும் மலச்சிக்கலும் வந்தன. நானாக நிறுத்தாமல் போன் செய்து கேட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, ஏறக்குறைய ஒரு நாளைக்கு இரும்பு ஏறுவதைக் குறைக்குமாம். இடைவெளி விட்டால் வயிற்றுக்கும் நல்லது, உறிஞ்சுவதும் நன்றாக நடக்கும். மலம் கறுப்பாகப் போவது சேராத இரும்பினால், பயமில்லை. தார் மாதிரி பிசுபிசுவென்று போனாலோ ரத்தம் தெரிந்தாலோ உடனே வரச் சொன்னார்.

ஒரு நாள் அண்ணன் மகன், மூன்று வயது, மேசையிலிருந்த சிவப்பு மாத்திரை அட்டையை மிட்டாய் என்று கையில் வைத்திருந்தான். பிடுங்கிய பிறகும் என் கை நடுங்கியது. இரும்பு மாத்திரை சில விழுங்கினாலே சின்னக் குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து. அன்றிலிருந்து பீரோவில் பூட்டித்தான் வைக்கிறேன்.

அண்ணி தனக்கும் சோர்வாக இருக்கிறது, நாலு மாத்திரை கொடு என்றார். கொடுக்கவில்லை. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு இருந்தாலும் ஹீமோகுளோபின் குறைவாகக் காட்டும்; அப்போது மாத்திரை போட்டால் தேவையில்லாத இரும்பு உடம்பில் தேங்கிவிடலாம். அண்ணி தைராய்டு மாத்திரை வேறு போடுகிறார்; இரண்டுக்கும் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். முதலில் ரத்தம் பார்க்கட்டும் என்று நானே சேலத்துக்குக் கூட்டிப் போனேன்.

அடுத்த மாதம் எனக்கு 9.9. நாலாவது மாதம் 12.3. அன்றே நிறுத்தியிருப்பேன், டாக்டரம்மா விடவில்லை. சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் போட வேண்டும். இப்போது இரண்டாவது மாதம் ஓடுகிறது. அடுத்த மாதம் ஃபெரிட்டின் பார்க்க மறுபடி மலை இறங்கணும்.