நூறு டாலர் அபராதம்

1872 நவம்பர் 5. நியூயார்க் மாநிலம், ராச்செஸ்டர் நகரில், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய சூசன் பி. ஆன்டனி வாக்களித்தார். பெண் வாக்களித்தது குற்றமாம்! இரண்டு வாரத்தில் அதிகாரி வீடு தேடி வந்தார். பதமாகப் பேசி அழைத்துப்போகப் பார்த்தார். ஆண்களைக் கைது செய்வது போலவே என்னையும் செய்யுங்கள் என்று மணிக்கட்டுகளை நீட்டினார், 52 வயது சூசன். அந்தக் கைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஜூரிகளைக் கலந்துபேசக்கூட விடாமல் அவரைக் குற்றவாளி என்றார் நீதிபதி வார்டு ஹன்ட். எத்தனை பெரிய அநியாயம்! 100 டாலர் அபராதம். ஒரு டாலர்கூடக் கட்டமாட்டேன் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். கடைசிவரை கட்டவில்லை.

1906இல் மறைந்தார். அமெரிக்க அரசியல் சட்டத்தில் பெண்களுக்கு வாக்குரிமை தந்த 19ஆவது திருத்தம் வந்தது 1920இல். 2016 தேர்தலன்று பெண்கள் வரிசையில் நின்று, வாக்களித்ததற்குக் கிடைத்த ஸ்டிக்கரை அவர் கல்லறையில் ஒட்டினார்கள்.