ஸ்வால்பார்டில் ரைஃபிள் எடுத்த அனுபவம்

வட துருவத்துக்கு அருகே நோர்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளில் ஊர் எல்லையைத் தாண்டும் எவரும் பனிக்கரடியை விரட்டுவதற்கான சாதனம் ஏதாவது வைத்திருக்க வேண்டும். அது சட்டம். அதற்கு மேல் துப்பாக்கியும் கொண்டுபோங்கள் என்று அங்குள்ள ஆளுநர் அலுவலகம் சொல்கிறது. பனியாற்றின் மேல் படியும் பனியின் அடர்த்தியை அளக்கும் குழுவில் எனக்கு இடம் கிடைத்தபோது, அளவெடுக்கும் கருவிகளைவிட இந்த ரைஃபிள் விஷயம்தான் என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது. இந்தியாவிலிருந்து ஆய்வுக்கு அங்கே போகிற தமிழ் மாணவர்கள் கூடிக்கொண்டு வருகிறார்கள். அங்குள்ள நி-ஓலசுன்ட் என்ற சிற்றூரில் 2008 முதல் நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையமே இருக்கிறது. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் இதை விவரமாக எழுதுகிறேன்.

முதலில் காகித வேலை. 1920இல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் உடன்படிக்கையின்படி அந்தத் தீவுகளுக்குள் நுழைய விசா வேண்டாம். ஆனால் விமானம் நோர்வே வழியாகத்தான் போகிறது. தீவுகள், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா எல்லைக்கு வெளியே இருப்பதால், திரும்பும்போது மறுபடி ஷெங்கனுக்குள் நுழைந்தாக வேண்டும். ஆகவே ஒருமுறை நுழைவு விசா போதாது, இருமுறையாவது வேண்டும். துப்பாக்கிக்கு வருவோம். சொந்த நாட்டில் ஆயுத உரிமம் வைத்திருப்பவருக்கு வாடகைக்கு எடுப்பது எளிது. நம்மில் யாரிடம் அது இருக்கிறது? உரிமம் இல்லாதவர் ஆளுநர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்து, வாடகைக்கு எடுப்பதற்கென்றே தனி அனுமதி வாங்க வேண்டும். அதற்கு காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்பார்கள். நம் ஊரில் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக அதை வாங்கலாம். உள்ளூர்க் காவல் நிலைய விசாரணை முடிந்து சான்று கைக்கு வரவும், அப்புறம் அனுமதி வரவும் வாரக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். விமான டிக்கெட் போடும் அன்றே சான்றுக்கும் விண்ணப்பிப்பது நல்லது.

இனி தேர்வு. ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்இயர்பியனில் ரைஃபிள் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்குப் போனால், வரிசையில் நிற்பவை பெரும்பாலும் போல்ட் ஆக்‌ஷன்தான். அதாவது ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் குழலின் பின்புறத்தை அடைக்கும் போல்டின் கைப்பிடியைக் கையால் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டிய வகை. நம் ஊர்ப் போலீஸ்காரர் தோளில் நெடுங்காலம் தொங்கிய பாயின்ட் 303 இந்த வகைதான். கல்லூரியில் என்.சி.சி.யில் நாங்கள் சுட்ட பாயின்ட் 22 ரைஃபிளும் இதே வகை. கரடி ஓடி வருகிற இடத்தில் கையால் ஏற்றும் பழைய ஏற்பாடு எதற்கு என்று எனக்கும் கேள்வி இருந்தது. எங்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தவர் நோர்வேக்காரர், முன்பு ராணுவத்தில் இருந்தவர். அவர் சொன்ன பதில் தெளிவாக இருந்தது.

தானாக ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி, சுடும்போது உண்டாகும் வாயுவின் அழுத்தத்தையோ பின்னுதைப்பையோ கொண்டு இயங்குகிறது. மைனஸ் இருபது டிகிரியில் எண்ணெய் கெட்டியாகிவிடும், இடுக்கில் பனித்தூள் புகுந்து உறையும். அந்தத் தடையை மீறும் பலம் இயந்திரத்துக்கு இருக்கிறதா என்பது அந்த நொடியில்தான் தெரியவரும். போல்ட் ஆக்‌ஷனில் பலம் உங்கள் கையில் இருக்கிறது. சிக்கினால் இன்னும் ஓங்கி இழுக்கலாம். "குளிருக்குத் தெரியாதது ஒன்றுதான், உங்கள் தோள்வலு" என்றார் அவர். கிரீன்லாந்தில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர், முதல் உலகப் போர்க் காலத்து எம் 1917 ரைஃபிளை இந்த நூற்றாண்டிலும் சுமந்துகொண்டிருந்தார்கள். கனடாவின் வடகோடியில் ரேஞ்சர்கள் 1940களிலிருந்து லீ-என்ஃபீல்டை வைத்திருந்தார்கள். அண்மையில் மாற்றியபோதும் பின்லாந்தின் டிக்கா நிறுவனத்து வடிவமைப்பில் இன்னொரு போல்ட் ஆக்‌ஷனைத்தான் எடுத்துக்கொண்டார்கள். உயிரைப் பணயம் வைத்து அந்தக் குளிரில் வேலை செய்கிறவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்பது என்னை நம்ப வைத்தது.

கடையில் எனக்கு முன்னால் வைக்கப்பட்டவற்றில் இரண்டைத்தான் உண்மையாகப் பரிசீலித்தேன். ஒன்று புதியது: துருப்பிடிக்காத எஃகுக் குழல், தோளில் பதிக்கும் பிளாஸ்டிக் கட்டை, மேலே டெலஸ்கோப், கழற்றி மாட்டும் மேகஸின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி), .308 காலிபர் (தோட்டாவின் அளவு). இன்னொன்று பழைய மவுசர் 98கே. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகள் நோர்வேயில் விட்டுப்போனவற்றில் ஒன்று. போருக்குப் பின் அமெரிக்கத் தோட்டாக்கள் ஏராளமாகக் கிடைத்ததால் நோர்வே ராணுவம் இவற்றில் பலவற்றை .30-06 காலிபருக்கு மாற்றிக்கொண்டது. கையில் எடுத்தபோது நோர்வேப் படையின் முத்திரை தெரிந்தது. ஜெர்மன் படையில் கடைசியாகச் சரணடைந்தவர்களே இந்த ஸ்வால்பார்டில் வானிலை அளந்துகொண்டிருந்த ஒரு சிறு குழுதான். 1945 செப்டம்பரில், போர் முடிந்து மாதங்கள் கழித்து, கடல்நாய் வேட்டைக் கப்பலில் வந்தவரிடம் ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். வானிலை அளப்பவனுக்கும் பனி அளப்பவனுக்கும் ஒரே தீவுக்கூட்டத்தில் ஒரே துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டேன்.

காலிபரில் பெரிய வாக்குவாதம் இல்லை. பனிக்கரடிக்கு எதிராக .308 அல்லது .30-06, அதற்குக் குறையக் கூடாது என்பதே அங்கே வழக்கம். இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றுதான். .30-06 தோட்டாவின் உறை 63 மில்லிமீட்டர் நீளம், .308இன் உறை 51. நீளமான உறையில் வெடிமருந்து கொஞ்சம் அதிகம் பிடிக்கும், கனமான குண்டைத் தள்ள அது உதவும். காலிபரைவிடக் குண்டின் வகை முக்கியம். ராணுவக் குண்டு முழுக்க உலோகம் போர்த்தியது, உள்ளே புகுந்து நேராக வெளியே போய்விடும். நமக்கு வேண்டியது முனை மென்மையான, 180 கிரெயின் அளவுக்குக் கனமான குண்டு. உள்ளே ஆழமாகப் போய் விரிய வேண்டும். ஆகவே பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

டெலஸ்கோப் வேண்டாம் என்பதில் எனக்கு முதலிலிருந்தே உறுதி இருந்தது. நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். மூச்சுக்காற்றில் என் கண்ணாடியே பனி பிடிக்கிறது, அதன் மேல் இன்னொரு கண்ணாடியா? தவிர, பயிற்சியில் நாம் சுடுகிற தூரம் முப்பது நாற்பது மீட்டர். அந்தத் தூரத்தில் பெரிதாக்கிக் காட்டும் குழாய்க்குள் வெள்ளை ரோமம் மட்டும்தான் தெரியும், எது தோள் எது முதுகு என்று தேட வேண்டியிருக்கும். குழலின் மேல் இருக்கும் இரும்புக் குறி போதும். அதில் பனி அடைத்தால் கட்டைவிரலால் துடைத்துவிடலாம்.

கழற்றி மாட்டும் மேகஸினும் எனக்குச் சரிப்படவில்லை. ஸ்னோமொபைலில் மணிக்கணக்காகக் குலுங்கிப் போகிறோம். அதன் கொக்கி தட்டுப்பட்டுக் கழன்று விழுந்தால், கையில் இருப்பது ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. மவுசரின் மேகஸின் உடம்போடு சேர்ந்தது. இன்னொன்று, அதன் போல்டில் நீளமான நகம்போல ஒரு பட்டை உண்டு. மேகஸினிலிருந்து தோட்டா மேலே ஏறும்போதே அதன் விளிம்பைக் கவ்விக்கொள்ளும், சுட்ட பின் வெளியே எறியும்வரை விடாது. சாய்ந்து விழுந்த நிலையில் இயக்கினாலும் தோட்டா வழிதவறாது. மவுசரின் இந்த ஏற்பாட்டைப் பின்னால் வந்த எத்தனையோ வேட்டை ரைஃபிள்கள் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

தடித்த கையுறையோடு இரண்டையும் இயக்கிப் பார்த்ததில்தான் முடிவு வந்தது. புதியதன் சேஃப்டி, அதாவது தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டு, சிறு நகர்த்தி. உள் கையுறையோடு மட்டும் என்றால் முடிந்தது, மேல் கையுறையும் போட்டால் இருக்கும் இடமே தெரியவில்லை. மவுசரின் சேஃப்டி பின்னால் நிற்கும் இறக்கை, விரலே தேவையில்லை, உள்ளங்கையால் தள்ளலாம். இதை எந்தக் கடையிலும் கேளுங்கள்: நான் வெளியே போடப்போகும் உடையை அப்படியே போட்டுக்கொண்டு இயக்கிப் பார்க்கிறேன் என்று. தடித்த கோட்டு போட்டால் தோளில் பதியும் கட்டை நீளமாகிவிட்டதுபோல இருக்கும். என்னைப் போல அதிகம் உயரமில்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம். சட்டையோடு நின்று பார்த்துப் பொருத்தமாக இருக்கிறது என்று எடுத்தால், வெளியே தூக்கும்போது அக்குளில் மாட்டும்.

மவுசரின் எடை ஏறக்குறைய நான்கு கிலோ. நாள் முழுக்கத் தோளில் கிடந்தால் அது தெரியும். ஏற்றுக்கொண்டேன்.

பயிற்சியில் பாதி நேரம் பாதி ஏற்றி வைப்பதற்கே போனது. ஸ்வால்பார்டில் பயணத்தின்போது தோட்டாக்கள் மேகஸினில் இருக்கும், சுடுவதற்குமுன் தோட்டா வந்து நிற்கும் குழலின் பின்முனையான சேம்பர் காலியாக இருக்கும். ஐந்து கொள்ளும் மேகஸினில் நான்கு போடுவோம். மேலே இருக்கும் தோட்டாவைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, போல்டை அதன் மேல் வழுக்கி மூட வேண்டும். மூடும்போது விசையை அழுத்தியே வைத்திருந்தால் உள்ளே தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி இழுபட்டு நிற்காது. மவுசரில் ஊசி இழுபடாத நிலையில் சேஃப்டி இறக்கையைத் திருப்பவே முடியாது. ஆகவே பாதி ஏற்றிய துப்பாக்கியில் சேஃப்டி எந்தப் பக்கம் இருக்கிறது என்ற குழப்பத்துக்கே இடமில்லை. வேண்டும்போது போல்டை முழுதாக இழுத்துத் தள்ளினால் சுடத் தயார். அவசரத்தில் செய்ய வேண்டியது ஒரே வேலை. நான் இந்த ரைஃபிளை எடுத்ததற்கு வேறு எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய காரணம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2011 ஆகஸ்டில் வான் போஸ்ட் பனியாற்றின் அருகே முகாமிட்டிருந்த பிரிட்டன் இளைஞர் குழுவைக் கரடி தாக்கியது. கூடாரங்களைச் சுற்றிக் கட்டியிருந்த எச்சரிக்கைக் கம்பி வெடிக்கவில்லை. குழுத் தலைவர் ரைஃபிளை இயக்க இயக்க, தோட்டாக்கள் வெடிக்காமலே வெளியே விழுந்தன. கீழே கிடந்த தோட்டா ஒன்றைப் பொறுக்கித் திரும்பப் போட்டுத்தான் கரடியைச் சுட முடிந்தது. அதற்குள் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்துவிட்டான், வேறு சிலர் படுகாயம் அடைந்திருந்தார்கள். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லும்போது யாரும் பேசவில்லை. மேகஸின் காலியாகும்வரை ஒரே தாளத்தில் ஏற்றிச் சுடும் பயிற்சியை அதன் பிறகு யாரும் அலுப்பாகச் செய்யவில்லை.

என்.சி.சி.யில் படுத்துக்கொண்டு மூச்சை அடக்கி மெதுவாகச் சுடுவோம். இங்கே மண்டியிட்டு, கையுறையோடு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சுட வேண்டும். குறி தலைக்கு இல்லை. கரடியின் மண்டையோடு சரிவானது, குண்டு வழுக்கிப் போகலாம். மார்பும் தோளும்தான் குறி. விழுந்த பின்னும் அசைவு இருந்தால் நிறுத்தக் கூடாது.

ஆனால் ரைஃபிளுக்கு முன்னால் வருபவை நிறைய. கரடி கண்ணில் பட்டால் முதல் வேலை விலகிப் போவது. 2025 முதல் 300 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் முடியும்வரை 500 மீட்டர் என்று சட்டமே சொல்கிறது. அது நெருங்கி வந்தால் வெடிச் சத்தம் எழுப்பும் சமிக்ஞைத் துப்பாக்கி. அந்த வெடி கரடிக்கும் நமக்கும் நடுவில் வெடிக்க வேண்டும். கரடியைத் தாண்டிப் பின்னால் வெடித்தால் அது நம்மை நோக்கித்தான் ஓடிவரும். பனிக்கரடி அங்கே 1973 முதல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. ஒன்றைச் சுட்டால் ஆளுநர் அலுவலகம் குற்ற வழக்குப் போலவே விசாரிக்கும். அது சரியானதும்கூட. அதன் நிலத்துக்குள் போயிருப்பது நாம்தான்.

பராமரிப்பு பற்றி ஒன்று மட்டும். வெளியிலிருந்து வந்ததும் ரைஃபிளைச் சூடான அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். குளிர்ந்த உலோகத்தில் ஈரம் படியும், மறுநாள் வெளியே எடுத்ததும் அந்த ஈரம் போல்டுக்குள் உறைந்து கெட்டியாகும். தோட்டாக்களை எடுத்துவிட்டு, சூடில்லாத முன்னறையில் பூட்டி வையுங்கள். போல்டிலிருந்து எண்ணெயை முழுக்கத் துடைத்து எடுத்துவிடுங்கள். குழல் வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் பனி உள்ளே போகாது.

களத்தில் நாங்கள் கரடியை ஒருமுறை பார்த்தோம். ஃபியோர்ட் என்னும் உறைந்த கடல் இடுக்கின் எதிர்க்கரை ஓரமாக, தொலைநோக்கியில் மட்டுமே தெரியும் தூரத்தில், ஒரு தாயும் குட்டியும். காவல் முறை அப்போது என்னுடையது. பனியை அளக்கத் தோண்டிய குழியைப் பாதியில் விட்டு, சாமான்களைக் கட்டி, ஸ்னோமொபைலைக் கிளப்பிப் பனியாற்றின் மேல்பகுதிக்குப் போய்விட்டோம். மவுசர் தோளிலிருந்து இறங்கவே இல்லை.

ஊருக்குள் வரும்போது துப்பாக்கி காலியாக இருக்க வேண்டும், காலியாக இருப்பது பார்ப்பவருக்கும் தெரிய வேண்டும். கடையில் திரும்பக் கொடுத்தபோது போல்டைக் கழற்றி வெளிச்சத்தில் குழலைப் பார்த்தார்கள், தோட்டாக்களை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மார்ச்சில் மறுபடி போகிறேன். அதே ரைஃபிளின் எண்ணைக் கொடுத்து, என் பெயரில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.