முழு அளவா, அரை அளவா

“நாளையிலேருந்து தானியத்தைக் குறைச்சுடட்டுமா சார்?”

“நாலு நாள்தானே அண்ணே, அப்படியே இருக்கட்டும்.”

அவர் தலையாட்டிவிட்டு டப்பாவோடு உள்ளே போனார். பேச்சு அவ்வளவுதான், அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கேட்டவர் லாயத்தில் என்னைவிடப் பல வருடம் மூத்தவர். தெரியாமல் கேட்கவில்லை. குறைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். என் வாயால் வரட்டும் என்றுதான் கேட்டார். இது எனக்கு உறைக்க வெகுநாள் ஆனது.

பெட்டைக் குதிரை, எடை 480 கிலோ. முன்கால் லாடம் குளம்புச் சுவரில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு கழன்றுவிட்டது. லாடம் அடிப்பவர் வரும்வரை நான்கு நாள் வேலை இல்லை. ஐந்தாம் நாள் லாடம் அடித்து வெளியே கொண்டுபோய், நடையிலிருந்து சிறு ஓட்டத்துக்கு மாற்றிப் பதினைந்து நிமிடத்தில் பின்கால் எடுத்து வைக்கும் அடி குறுகியது. வெயில் ஏறாத வேளையில் கழுத்தெல்லாம் வியர்வை. புட்டத்துச் சதையைத் தொட்டால் பலகை மாதிரி இறுகியிருந்தது. பிறகு அது ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. அன்று கழித்த சிறுநீர் காப்பி நிறத்தில் இருந்தது. தசை நார்கள் உடைந்து அவற்றின் நிறமி இரத்தத்தில் கலந்து சிறுநீரகம் வழியாக வெளியேறும் நிறம் அது. அந்த நிறமியே சிறுநீரகத்தைக் கெடுக்கவும் கூடும்.

இதன் பழைய பெயர் ‘திங்கட்கிழமை நோய்’. வாரம் முழுக்க உழைத்த குதிரை ஞாயிற்றுக்கிழமை முழுத் தீனி தின்று சும்மா நிற்கும். திங்கட்கிழமை பூட்டியதும் முடங்கிவிடும். காரணம் பெயரிலேயே இருக்கிறது. இந்தத் தொழிலுக்கு வந்த முதல் மாதத்தில் யாரும் கற்றுக்கொள்வது. பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்?

என் பக்கத்து நியாயத்தை முதலில் எழுதிவிடுகிறேன். அந்தக் குதிரை வரும்போது 448 கிலோ. உடலின் சதைப்பிடிப்பை 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகக் கொழுத்தது) வரை மதிப்பிடும் ஹென்னகி முறையில் (1983-இல் வந்தது, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது) நான்குக்கும் கீழே. விலா எலும்புகள் தெரிந்தன, வாலடியில் பள்ளம். தீனியில் ஆர்வம் இல்லாத, சின்னச் சத்தத்துக்கும் வாளியை விட்டுத் தலையைத் தூக்கிவிடும் குதிரை. ஒன்பது வாரத்தில் 32 கிலோ ஏற்றினோம். ஒரே நாளில் ஏற்றியதில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தானியத்தில் கால் கிலோ கூட்டி, சாணத்தைப் பார்த்து, வாளியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகே அடுத்த கால் கிலோ. அப்படிச் சேர்த்ததை நான்கு நாளில் இழக்க மனம் வரவில்லை.

இன்னொன்றும் மனதில் ஓடியது. தீனியை மாற்றினால் படிப்படியாக, ஏழு முதல் பதினான்கு நாளில் மாற்ற வேண்டும் என்பதை எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி எனக்கே அது மந்திரமாகிவிட்டிருந்தது. திடீரென்று பாதியாக்கினால் குடல் கெடும், சூலை (கடும் வயிற்றுவலி) வரும் என்று உள்ளே ஒரு குரல்.

அந்தக் குரல் தவறு. விதி எதற்காக வந்தது என்று பார்த்தால் தெரியும். குதிரையின் இரைப்பை சிறியது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். தானியத்திலுள்ள மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்க வேண்டும். ஒரு வேளையில் அளவு மீறினால் மிச்சம் அப்படியே குருட்டுக்குடலுக்கும் பெருங்குடலுக்கும் போய்விடும். அங்கே இருப்பவை நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள். மாவுச்சத்து வந்து விழுந்ததும் அமிலம் கூடுகிறது, நார் செரிக்கும் கூட்டம் மடிகிறது, அவற்றின் நஞ்சு இரத்தத்துக்குள் போகிறது. சூலையும் குளம்பு அழற்சியும் அங்கிருந்து வருகின்றன. ஆகவே கூட்டும்போது, புதுத் தானியம் சேர்க்கும்போது, வேறு வயலில் அறுத்த காய்ந்த புல்லுக்கு மாறும்போது நிதானம் வேண்டும். தானியத்தைக் குறைப்பதற்கு அந்தப் பயம் கிடையாது. புல்லைக் குறைக்காதவரை, தானியத்தை அன்றைக்கே பாதியாக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். திரும்ப ஏற்றும்போதுதான் படிப்படியாகப் போக வேண்டும்.

ஏறுவதற்குச் சொன்ன விதியை இறங்குவதற்கும் போட்டேன். இதை எவ்வளவு மென்மையாகச் சொல்லிப் பார்த்தாலும் தப்பு தப்பாகத்தான் இருக்கிறது.

பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைய தீனி: காய்ந்த புல் 8 கிலோ, குதிரைமசால் (லூசர்ன் தீவனம்) ஒன்றரைக் கிலோ, ஓட்ஸ் 3 கிலோ, பார்லி ஒன்றரைக் கிலோ. தானியம் மூன்று வேளையாகப் பிரித்து வேளைக்கு ஒன்றரைக் கிலோ. கூட்டினால் ஏறக்குறைய 32 மெகாகலோரி, அதாவது தீனி செரித்துக் கிடைக்கும் ஆற்றல். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் 2007 அட்டவணைப்படி 480 கிலோ குதிரை சும்மா நிற்க 16 மெகாகலோரி போதும். நடுத்தர வேலைக்கு 22.4. எடை ஏற வேண்டும் என்பதற்காகத்தான் அதற்கு மேல் பத்து வைத்திருந்தேன். வேலை நின்ற அந்த நான்கு நாளும் அது தேவைக்கு இரண்டு மடங்கு தின்றது.

அதிலும் உறுத்துவது மாவுச்சத்து. ஓட்ஸில் நூற்றுக்கு 40 முதல் 45, பார்லியில் 55 அளவில் இருக்கும். வேளைக்கு 700 கிராம் என்றால் உடல் எடையில் கிலோவுக்கு ஒன்றரைக் கிராமை ஒட்டி வருகிறது. வேளைக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது என்பது பழைய வரம்பு; 1 கிராமுக்குள் வைப்பது நல்லது என்பது இப்போது பலர் சொல்வது. வரம்பை மீறவில்லை என்று நான் வாதாடலாம், வாதாடியும் இருக்கிறேன். ஆனால் ஒன்பது வாரமும் எடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மாவுச்சத்தைத் தனியாக ஒருமுறைகூடக் கூட்டிப் பார்க்கவில்லை.

சரி, அப்படியானால் காரணம் நானா? இங்கேதான் எனக்குப் பிடி கிடைக்காமல் போகிறது. சும்மா நின்ற தசையில் சர்க்கரை சேர்ந்து, வேலை தொடங்கியதும் லாக்டிக் அமிலமாகி நாரை எரிக்கிறது என்ற பழைய விளக்கத்தை இப்போது ஏற்பதில்லை. பல குதிரைகளின் தசையிலேயே பிறவிக் குறை இருக்கிறது. அதில் ஒரு வகைக்கு அடிப்படையான மரபணு மாற்றம் 2008-இல் கண்டறியப்பட்டது. இன்னொரு வகை பதற்றமான இளம் பெட்டைகளில் அதிகம். இந்தக் குதிரை பதற்றமான இளம் பெட்டை. நான்கு நாள் அடைபட்டு நின்றதே போதும் அதைக் கிளப்ப. அதே லாயத்தில் அதே அளவு தின்று ஒருவாரம் நின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் வேலைக்குப் போன குதிரைகளும் உண்டு.

ஆனால் உள்ளே ஏதோ குறை இருந்தது என்றால் அதைத் தூண்டிவிட்டது எது? ஓய்வும் மாவுச்சத்தும். ஓய்வை லாடம் கொண்டுவந்தது. மாவுச்சத்தை நான் விட்டுவைத்தேன்.

எடையும் போகாமல் மாவுச்சத்தையும் குறைக்க வழி இருந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முதல் நாள் மாலையே தானியத்தைப் பாதியாக்கி, புல்லை 10 கிலோவுக்கு ஏற்றியிருந்தால் ஏறக்குறைய 29 மெகாகலோரி கிடைத்திருக்கும். நின்ற குதிரைக்கு அதுவே தாராளம். எடை ஒரு கிலோவும் இறங்கியிருக்காது. எண்ணெய் சேர்த்திருக்கலாமே என்று ஒருவர் சொன்னார். தாவர எண்ணெய் 250 மில்லியில் ஏறக்குறைய 2 மெகாகலோரி உண்டு, மாவுச்சத்து துளியும் இல்லை. ஆனால் எண்ணெயை ஒரே நாளில் அந்த அளவு ஊற்ற முடியாது. 30 மில்லியில் தொடங்கி இரண்டு வாரம் போல ஏற்ற வேண்டும், கூடவே வைட்டமின் ஈ வேண்டும். முன்பே வழக்கத்தில் இருந்திருந்தால்தான் அன்றைக்கு உதவியிருக்கும். ஆக, செய்யக்கூடியதாக இருந்தது அவர் கேட்ட அந்த ஒன்றுதான்.

முடங்கிய இடத்தில் நாங்கள் செய்தது சரி, அதைச் சொல்ல வேண்டும். நடக்க வைத்துச் சரிசெய்யலாம் என்று இழுக்கவில்லை. இழுத்தால் இன்னும் நார்கள் உடையும். அங்கேயே நிறுத்தி, முதுகிலும் புட்டத்திலும் போர்வை போட்டு, தண்ணீர் காட்டி, கால்நடை மருத்துவரை வரவழைத்தோம். இரத்தத்தில் தசை நொதிகள் எகிறியிருந்தன. தானியம் அன்றே நின்றது. புல் மட்டும், தினம் 30 கிராம் உப்பு, நொதி இறங்கும்வரை சின்ன அடைப்பில் தானாக நடமாட விட்டோம். பிறகு புல், குதிரைமசால், ஊறவைத்த சர்க்கரை பீட் சக்கை (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் நார்), மெல்ல மெல்ல எண்ணெய். அதற்குத் தானியம் திரும்ப வரவே இல்லை. எடை 465-க்கு இறங்கி, அங்கேயே நின்று, பிறகு நிதானமாக ஏறியது. முதலிலிருந்தே இப்படிப் போட்டிருக்கலாமோ என்ற கேள்விக்கு நான் இன்னும் ஒரு பதில் வைத்துக்கொள்ளவில்லை. வந்த புதிதில் எண்ணெய் வாசனை பட்ட வாளியை அது தொடாது.

அதன்பின் எல்லா வாளிகளுக்கும் ஒரே கட்டளை போட்டேன்: வேலை இல்லாத நாள் பாதி. அதுவும் முழுச் சரியல்ல என்று அடுத்த குளிர்காலத்தில் தெரிந்தது. இருபது வயதைத் தாண்டிய ஒரு காயடித்த குதிரை. பல் தேய்ந்து, புல்லை மென்று உருண்டையாகக் கீழே துப்பும். அதன் வாளியில் இருந்தது ஊறவைத்த சக்கையும் நறுக்கிய குதிரைமசாலும்தான், தானியம் இல்லை. வயிற்றுக்குப் போகும் நாரே அந்த வாளியில்தான் இருந்தது. ஓய்வுநாள் என்று அதையும் பாதியாக்கினோம். குளிரில் குதிரைக்குச் சூடு தருவது பெருங்குடலில் நார் நொதிக்கும் வேலை. கூட்ட வேண்டிய பருவத்தில் நான் குறைத்தேன். குளிர்காலத்து ரோமம் விலாவை மறைத்துவிடும். கையை அழுத்தி வருடிப் பார்த்தபோதுதான் எலும்பு தட்டியது. மார்புச் சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, உடல் நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுக்கும் கணக்கில் (சென்டிமீட்டரில் அளந்தால் எடை கிலோவில் வரும்) ஆறு வாரத்தில் 20 கிலோ போயிருந்தது.

குறைக்க வேண்டியது மாவுச்சத்தை. நான் வாளியைக் குறைத்திருந்தேன். இதையும் ஒருவேளை அவர் கேட்டிருப்பார். ஆனால் இந்த முறை கேட்கவில்லை. கட்டளை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தது.

இப்போது சுவரில் இருப்பது வேறு தாள். ஒவ்வொரு குதிரைக்கும் தனி வரி: புல் எவ்வளவு, தானியம் எவ்வளவு, ஓய்வுநாளில் எது குறையும், எது குறையாது. அளவெல்லாம் கிலோவில். டப்பாக் கணக்கை எடுத்துவிட்டேன், ஏனென்றால் ஓட்ஸ் 1 கிலோ பிடிக்கும் டப்பாவில் பார்லி ஏறக்குறைய 1.3, மக்காச்சோளம் ஒன்றரை, தவிடு அரைக் கிலோதான் பிடிக்கும். அந்த நான்கு நாளில் பார்லியை எந்த டப்பாவால் அளந்தார்கள் என்று இன்றுவரை நான் அவரிடம் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பழியை அவர் பக்கம் தள்ளப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். ஒன்றரைக்குப் பதில் இரண்டு கிலோ போயிருந்தால் என் கணக்கே மாறும் என்பதும் உண்மை.

போன வாரம் இரண்டு நாள் மழை, தரை வழுக்கல், யாருக்கும் வேலை இல்லை. மாலை தீனி நேரத்தில் அவர் தாளைப் பார்த்துவிட்டு நிறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். ஏதாவது கேட்பார் என்று நின்றேன். தராசு முள்ளைப் பார்த்தபடியே, “ஒண்ணே கால் சார், தாள்ல இருக்கிறபடி” என்றார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கொட்டிலுக்குப் போனார்.