வரம்பிலிருந்து முதல் குப்பி வரை

போன மாசி மாதம், வெள்ளாமை வெட்டு முடியும் தறுவாயில், எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பையனைப் புடையன் கடித்தது. பத்தொன்பது வயது. மெஷின் போக முடியாத மூலையில் தாக்கத்தியால் அறுத்துக்கொண்டிருந்தவன். இடது கணுக்காலுக்குக் கீழே இரண்டு புள்ளி. புத்தகத்தில் கண்ணாடி விரியன் என்று போட்டிருக்கும், எங்கள் பக்கம் புடையன் என்றால் போதும்.

நான் ஓய்வுபெற்ற தாதி என்பதால் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். சால்வையால் இறுக்கிக் கட்டப் போனவர்களைத் தடுத்தேன். காலில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை வெட்டினேன், வீங்கினால் அது இறுகிவிடும். நடக்க விடாமல், மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனோம். திருகோணமலை டவுனுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். போனது கிட்ட இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு.

அங்கே இருந்தவர் கண்டிப் பக்கத்து இளம் டொக்டர், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பையனின் இரத்தத்தில் இரண்டு மில்லி எடுத்துக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் மேசையில் நிறுத்தினார். இருபது நிமிடம். அவனுடைய அம்மா அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன அண்ணன், மருந்து போடாம இதைப் பாத்துக்கொண்டு நிக்கிறாங்க?" என்று என்னைக் கேட்டாள். நல்ல இரத்தம் என்றால் இதற்குள் கட்டியாகி, குழாயைச் சாய்த்தாலும் அப்படியே நிற்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே டொக்டர் குழாயைச் சாய்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது.

டொக்டர் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மருந்து அலுமாரியைத் திறக்கச் சொன்னார்.

அந்த ஒரு நிமிடம் எனக்கு நன்றாகத் தெரியும். பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறி மருந்து, குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் ஏற்றி அதன் இரத்தத்திலிருந்து எடுப்பது. எங்கள் நாட்டுக்கு அது இந்தியாவிலிருந்து வருகிறது. அதற்கான விஷத்தை மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்து ஆட்கள் பாம்பைப் பிடித்து எடுத்துக் கொடுக்கிறார்கள். உயிர் காக்கும் மருந்துதான், ஆனால் ஏறும்போதே சிலருக்கு உடம்பு நடுங்கும், தடிப்பு வரும், பிரஷர் விழும், மூச்சு அடைக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் அது நடந்தால் பத்துப் பேர் ஓடி வருவார்கள். இரவில் ஒரு டொக்டரும் ஒரு தாதியும் மட்டும் இருக்கும் இடத்தில் யார் வருவார்? அதனால்தான் துண்டு எழுதி "டவுனுக்குக் கொண்டுபோங்க" என்று அனுப்பிவிடுகிறோம். நானும் அனுப்பியிருக்கிறேன். டொக்டர் லீவில் இருந்த இரவுகளில், அலுமாரியில் மருந்தை வைத்துக்கொண்டே அனுப்பியிருக்கிறேன். அந்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை.

அன்றைக்கு அனுப்பவில்லை. முதலில் கால் மில்லி அட்ரினலின் தோலுக்கு அடியில் ஏற்றினார்கள். இப்படிச் செய்தால் கடுமையான ஒவ்வாமை நன்றாகக் குறைகிறது என்று இலங்கை டொக்டர்மார் ஆய்வு செய்து 2011-இல் வெளியிட்டார்கள். பிறகு பத்துக் குப்பி. குப்பிக்குள் வெள்ளைத் தூள்தான் இருக்கும். ஒவ்வொன்றிலும் பத்து மில்லி தண்ணீர் விட்டு, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் மெல்ல உருட்டிக் கரைக்க வேண்டும். அவசரப்பட்டுக் குலுக்கினால் நுரைத்துவிடும். அங்கே இருந்த தாதி மிஸ்ஸி பத்தையும் உருட்டி முடிக்கும் வரை என் கைகளும் சும்மா இருக்கவில்லை, வெறும் காற்றை உருட்டிக்கொண்டிருந்தன. மருந்து பாதி ஏறியபோது பையனுக்கு நடுக்கம் பிடித்தது. நிறுத்தினார்கள், அட்ரினலின் போட்டார்கள், கால் மணித்தியாலத்தில் திரும்பத் தொடங்கினார்கள். முழுவதும் ஏறிய பிறகுதான் அம்புலன்ஸ்.

என் அக்காவின் புருஷனை 2003-இல் கடித்ததும் இதே இனம்தான். வெருகல் பக்கத்து வயல், மைமல் நேரம். முதலில் போன ஆஸ்பத்திரியில் துண்டு எழுதினார்கள். அலுமாரியில் மருந்து இருந்தது, போடுவதற்குத்தான் துணிவில்லை என்று பிறகு அங்கே வேலை செய்தவரே என்னிடம் சொன்னார். மூதூருக்கு வந்து சேர்ந்தபோது டவுனுக்குப் போகும் லோஞ்ச் படகு போய்விட்டது. கொட்டியாரக் குடாவைச் சுற்றித் தரையால் வருவதென்றால் துறைக்குத் துறை பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடக்க வேண்டிய காலம் அது. கிண்ணியாப் பாலம் திறந்ததே 2009-இல்தானே. இறங்குதுறையில் விடியும் வரை அக்கா அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். முதல் குப்பி ஏறியது கடித்துப் பதினாலு மணித்தியாலத்துக்குப் பிறகு. உயிர் தப்பியது, சிறுநீரகம் தப்பவில்லை. வயலைக் குத்தகைக்கு விட்டார். வரவர மோசமாகி, இப்போது இரண்டு வருடமாக வாரத்துக்கு இரண்டு தரம் டயலிசிஸ்.

பாம்புக்கடியால் உலகத்தில் வருடத்துக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2017-இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். கடி வாங்குவது வயலில் நிற்பவனும் பாயில் படுப்பவனும், பிறகு ஏன் பிந்தாது? அத்தானைப் போல உயிரோடு இருந்து உழைப்பை இழந்தவர்கள் சாவுக் கணக்கில் வருவதே இல்லை.

இலங்கையில் மருந்து இலவசம். பாலங்கள் வந்துவிட்டன, 1990 என்ற நம்பருக்குப் போன் அடித்தால் அம்புலன்ஸ் வருகிறது. மிச்சம் இருப்பது அந்த ஒரு நிமிடம். சின்ன ஆஸ்பத்திரியில் நிற்கும் பிள்ளைகளுக்கு, நடுக்கம் வந்தால் என்ன செய்வது என்று கையில் பழக்கிக் கொடுக்க வேண்டும். இரவில் போன் எடுத்து "தொடங்குங்க, நான் லைனில் நிக்கிறன்" என்று சொல்ல டவுனில் ஒரு பெரிய டொக்டர் இருக்க வேண்டும். அப்புறம் அந்தக் கண்ணாடிக் குழாய். இப்போது எங்கும் பிளாஸ்டிக். பிளாஸ்டிக் குழாயில் நல்ல இரத்தமும் ஒழுங்காக உறையாது, சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியிலும் அப்படித்தான். கழுவாத புதுக் கண்ணாடிக் குழாய் பத்து, ஒரு பெட்டியில் பாம்புக்கடிக்கென்று தனியாக இருந்தால் போதும். இதை நான் பார்க்கிற எல்லாரிடமும் கேட்டு வருகிறேன்.

விசகடி வைத்தியரைத் திட்டி எழுதச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். மாட்டேன். எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கடிபட்டு வருகிறவர்களுக்குத் திருநீறு பூசி, "ஓடு, ஆஸ்பத்திரிக்கு, நான் இங்க இருந்து பாக்கிறன்" என்று அனுப்புகிறார். சனம் அவர் சொன்னால் கேட்கும்.

பையன் ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தான். அடுத்த நாள் அத்தான் டயலிசிஸ் முடிந்து வருகிற வழியில் ஓட்டோவை நிறுத்தி அவனைப் பார்க்கப் போனார். காலைப் பிடித்துப் புள்ளி இரண்டையும் தடவிப் பார்த்தார்.

"கடிச்சு எவ்வளவு நேரத்தில தம்பி மருந்து ஏத்தினாங்க?"

"ஒண்டரை மணித்தியாலம் இருக்கும் மாமா."

"ஒண்டரையா?" என்றார். கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்பவும் கேட்டார்.