வெங்காயத்தாள்

வெங்காயத்தாளை நீளவாக்கில் கீறித் தண்ணீரில் போட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், ஒவ்வொரு கீற்றும் வெளிப்பக்கமாகச் சுருண்டு கிடக்கிறது.

அடுப்பைப் பற்றவைக்க மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று வாரமாக, கணினிக்குள் நான் கட்டிய மாதிரித் தண்டு இப்படி வளைய மறுக்கிறது. எங்கே கீறினாலும் கொடிமரம் போல நேராக நிற்கிறது. முனைவர் பட்டம் அதை நம்பித்தான் இருக்கிறது!

தாவரச் செல்லுக்குள் தண்ணீர் தரும் அழுத்தம் பெரும்பாலும் கார் டயரில் இருப்பதைவிட அதிகம். அதைத் தாங்கும் சுவரோ பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே இருக்கும் செல்கள் நீளப் பார்க்கின்றன. மேல்தோல் விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. நாம் 'நிமிர்ந்து நிற்கிறது' என்று சொல்லும் இளந்தண்டு உண்மையில் ஓயாத இழுபறியில் இருக்கிறது. கத்தி பட்டதும் அது வெளியே தெரிந்துவிடுகிறது.

19ஆம் நூற்றாண்டிலேயே ஹோஃப்மைஸ்டர் போன்ற ஜெர்மன் தாவரவியலாளர்கள் கணினி இல்லாமலே இதை ஆராய்ந்தார்கள்.

நானோ என் மாதிரியில் எல்லாச் செல்களுக்கும் ஒரே சுவர் விறைப்பைக் கொடுத்திருந்தேன். தோலுக்கும் அதே எண். தாவரச் செல் எப்படி வளர்கிறது என்று 1965இல் லாக்ஹார்ட் என்ற ஆய்வாளர் எழுதிய சமன்பாட்டைத்தான் இத்தனை நாள் சந்தேகப்பட்டேன், பாவம்.

ஈரக் கையோடு மடிக்கணினியைத் திறந்து, தோலுக்கு மட்டும் எண்ணைப் பத்து மடங்காக்கி ஓடவிட்டேன்.

வளைந்தது. ஆனால் உள்பக்கமாக.

எங்கோ ஒரு கழித்தல் குறி தப்பியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுத் தேடுகிறேன்.