லேப் சிஸ்டத்தை மட்டும் நம்பி ஒரு ஆவணப்படம்

இறுதியாண்டு புராஜெக்டுக்கு நான் எடுத்தது 12 நிமிட ஆவணப்படம். ஷூட்டிங்கைவிட, கல்லூரி லேபில் உட்கார்ந்து அதை எடிட் செய்து முடித்ததுதான் பெரும்பாடு. சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாமல் லேபை மட்டுமே நம்பியிருக்கும் மாணவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நாளே அடி. ஃபூட்டேஜ் முழுவதையும் டெஸ்க்டாப்பில் ஏற்றி, இரண்டு பேட்டிகளை வெட்டி வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலை அதே சிஸ்டத்தைப் போட்டால் டெஸ்க்டாப் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கை நடுங்க, லேபைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாவிடம் ஓடினேன். "இதெல்லாம் தினம் காலையில புதுசா பொறக்கிற மெஷின்ம்மா. ரீஸ்டார்ட் ஆனா பழையபடி ஆயிடும்" என்றார். வைரஸோ, யாரோ தெரியாமல் மாற்றிய செட்டிங்கோ தங்கிவிடாமலிருக்க, பொது லேப்களில் அப்படி ஒரு மென்பொருளைப் போட்டு வைப்பதுண்டு. தேவையான ஏற்பாடுதான். ஆனால் அதைக் கதவிலேயே எழுதி ஒட்டியிருக்க வேண்டும். மெமரி கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் ஃபூட்டேஜ் தப்பியது. வெட்டிய வேலை போனது போனதுதான்.

அதன்பிறகு எல்லாமே வெளி ஹார்டு டிஸ்க்கில். தோழியின் டிஸ்க்கில் இன்னொரு பிரதி. அந்த இரண்டும் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கார்டை அழித்தேன்.

எங்கள் கேமரா 4கே-யில் 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்யும். ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. என்னிடம் மூன்று மணி நேர ஃபூட்டேஜ், அதாவது 135 ஜிபி. அதைத் தோழியின் டிஸ்க்குக்கு ஏற்றவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எனக்குக் கிடைத்த ஸ்லாட்டோ இரண்டு மணி நேரம். டிஸ்க்கை நான் செருகியிருந்தது முன்பக்கத்துக் கறுப்பு போர்ட்டில். அது வேகம் குறைந்த யூஎஸ்பி 2.0. அண்ணா எதுவும் சொல்லாமல் சிபியூவைத் திருப்பிப் பின்பக்கத்து நீல நிற போர்ட்டைக் காட்டினார். அது 3.0. பிறகு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அடுத்தது, எடிட்டிங் மென்பொருளில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் டைம்லைன் நகரவே இல்லை. சிஸ்டம் பழசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் அது மட்டுமல்ல. எச்.264 முறையில் சுருக்கிய வீடியோவில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. பெரும்பாலானவை பக்கத்து ஃப்ரேம்களிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் வைத்திருக்கும். ஒரு இடத்தில் நிறுத்திப் பார்க்க, சிஸ்டம் பல ஃப்ரேம்களைப் பிரித்துக் கணக்குப் போட வேண்டும். அதனால் எல்லாவற்றுக்கும் 1280×720 அளவில் பிராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கு மட்டுமான சிறிய பிரதி போட்டோம். ஒரு ஸ்லாட்டில் முடியாத வேலை என்பதால் மூலையிலிருந்த சிஸ்டத்தை இரவு முழுக்க ஓடவிட அண்ணா அனுமதித்தார். மானிட்டரில் "அணைக்காதீர்கள்" என்று ஒரு சீட்டு. எடிட்டிங்கை பிராக்ஸியில் செய்துவிட்டு, எக்ஸ்போர்ட்டின்போது ஒரிஜினல் ஃபைல்களுக்கு மாறிக்கொள்ளலாம். இதை முதல் வாரமே தெரிந்துகொண்டிருந்தால் எவ்வளவோ நேரம் மிச்சமாகியிருக்கும்.

இடையில் சின்னச் சின்னத் தொல்லைகளும் வந்தன. சிஸ்டம் மாறி உட்கார்ந்தபோது டிரைவ் எழுத்து ஈ-யிலிருந்து எஃப் ஆகி, எல்லா கிளிப்பும் 'மீடியா ஆஃப்லைன்' என்று சிவந்து நின்றன. ஒரு ஃபைலின் இடத்தைக் காட்டியதும் அதே ஃபோல்டரில் இருந்த மற்றவை தாமாகச் சேர்ந்துகொண்டன. மொபைலில் எடுத்த பேட்டியில் போகப் போக உதடும் குரலும் விலகின. மொபைல் ஃப்ரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிவு செய்திருந்தது. ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் ஒரே சீரான 25 ஃப்ரேமுக்கு மாற்றியபின் சரியானது. தமிழ் டைட்டிலில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்ததற்கு, நாங்கள் எடிட் செய்த பிரீமியர் மென்பொருளின் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான உரை வசதியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

அண்ணாவிடம் கேட்கும் விதமும் மாறியது. முதல் வாரம் "அண்ணா, பிரீமியர் வேலை செய்யலை" என்பேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதற்குள் ஸ்லாட் முடிந்துவிடும். பிறகு சிஸ்டம் எண், கடைசியாக நான் செய்த வேலை, திரையில் வந்த பிழைச் செய்தியின் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். பல நேரம் அவர் எழுந்து வராமலே தீர்வு சொன்னார். அறுபது பேருக்கு ஒருவராக நிற்கும் மனிதருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அது.

சமர்ப்பிக்கும் நாளில் கடைசியாக ஒரு தடங்கல். 50 எம்பிபிஎஸ்-இல் எக்ஸ்போர்ட் செய்த படம் 4.5 ஜிபி. பென் டிரைவில் தாராளமாக இடம் இருந்தும் ஏறவில்லை. டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மட்டில் இருந்தது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருந்ததை வேறிடத்தில் வைத்துவிட்டு அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்ததும் ஏறிவிட்டது.

படத்தைக் கொடுத்துவிட்டு லேபுக்குத் திரும்பி ஒரு தாளில் பெரிதாக எழுதினேன்: "டெஸ்க்டாப்பில் எதையும் வைக்காதீர்கள். ரீஸ்டார்ட் ஆனால் போய்விடும். ஹார்டு டிஸ்க்கைப் பின்பக்க நீல போர்ட்டில் செருகுங்கள்." அண்ணா வாசித்துப் பார்த்து, டேப்பை எடுத்துக்கொண்டு கதவருகே போனார்.