இரத்ததானத்துக்குப் பின் வந்த பரிசோதனைகள்

நாரஹேன்பிட்டவில் உள்ள தேசிய இரத்த நிலையத்தில் இரத்ததானம் செய்த பின்னர், என் குருதியில் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரசின் மேற்பரப்பு அன்டிஜன் (வைரசின் வெளியுறையிலுள்ள புரதம்) இருப்பதாக அறிவித்து என்னை மீண்டும் அழைத்தார்கள். தானமாகப் பெறப்படும் குருதி அனைத்தும் இதற்காகச் சோதிக்கப்படுவதால், நோய்க்குறி எதுவுமில்லாத பலர் இவ்வாறுதான் செய்தியை அறிகிறார்கள்.

வைரசு உடலில் இருக்கிறது என்பதற்கு மேல் அந்த அன்டிஜன் எதையும் சொல்லாது. தொற்று எப்போது ஏற்பட்டது என்பதை அறிய, வைரசின் உள்ளகப் புரதத்துக்கு எதிராக, புதிய தொற்றின்போது உடல் உருவாக்கும் ஐஜிஎம் வகைப் பிறபொருளெதிரியை (எதிர்ப்புப் புரதத்தை) தேடினார்கள். அது காணப்படாததாலும், அன்டிஜன் ஆறு மாதங்களைக் கடந்தும் நீடித்ததாலும், நாட்பட்ட தொற்று என்று வைத்தியர் உறுதி செய்தார். பெரியவர்களைப் பெரும்பாலும் விட்டு நீங்கிவிடும் இத்தொற்று, பிறக்கும்போது தொற்றுபவர்களில் ஏறத்தாழ 90 சதவீதத்தினரிடம் தங்கிவிடுகிறது என்றும், ஆகவே அம்மாவும் சகோதரர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றும் கூறினார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஏஎல்டி என்னும் ஈரல் நொதியம்தான். ஈரல் கலங்களை வைரசு நேரடியாக அழிப்பதில்லை. வைரசு குடியேறிய கலங்களை நமது நிர்ப்பீடனக் கலங்கள் தாக்கும்போதே அவை சிதைந்து, ஏஎல்டி குருதியில் கசிகிறது. ஆகையால் வைரசு பெருமளவில் இருந்தும் ஏஎல்டி சாதாரணமாக இருக்கலாம். உடல் இன்னும் எதிர்க்கத் தொடங்கவில்லை என்பதே அதற்குப் பொருளாக இருக்கக்கூடும். வைரசின் டிஎன்ஏ அளவு, வைரசு தீவிரமாகப் பெருகும்போது குருதியில் காணப்படும் ஈ அன்டிஜன் என்னும் புரதம், அதற்கெதிரான பிறபொருளெதிரி ஆகியவற்றோடு சேர்த்து வாசிக்காத ஏஎல்டியை நான் இப்போது நம்புவதில்லை. அறிக்கைத்தாளில் அச்சிடப்படும் ‘சாதாரண எல்லை’யும் ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் மாறுகிறது, உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டியோ ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 அலகுகளையே மேல் எல்லையாகக் கொள்கிறது.

எனக்கு ஈ அன்டிஜன் இல்லை. அதற்கெதிரான பிறபொருளெதிரி இருந்தது. டிஎன்ஏ மில்லிலீற்றருக்கு 2000 அலகுகளுக்குக் குறைவாகவே இருந்தது. ஈரலின் விறைப்பை அளந்த ஸ்கேனிலும் தழும்பு தெரியாததால், மருந்து தொடங்காமல் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். நிர்ப்பீடனத்தை அடக்கும் ஸ்டீரொய்ட் போன்ற மருந்துகளை வேறு நோய்க்காக எவர் எழுதித்தந்தாலும், அவற்றைத் தொடங்குமுன் இத்தொற்றைக் கட்டாயம் தெரிவிக்கும்படியும், அடங்கியிருக்கும் வைரசு அப்போது மீண்டும் பெருகக்கூடும் என்றும் எச்சரித்தார்கள். மனைவிக்குத் தொற்று இல்லை. மூன்று தடுப்பூசிகளும் போட்டு முடிந்த பின், அவருடைய பிறபொருளெதிரி அளவு, பாதுகாப்புக்குப் போதுமானதாகக் கருதப்படும் லீற்றருக்கு 10 அலகுகளைத் தாண்டியிருப்பதையும் சோதித்து உறுதி செய்துகொண்டோம்.